மிச்சக் காகிதத் துண்டுகளில் வாழ்த்து அட்டை: எவ்வளவு ஒட்டினாலும் ஏன் அழகாக வருவதில்லை?

காகிதக்கிளி:
எல்லோருக்கும் வணக்கம். நான்கு வருடமாகக் காகிதக் கைவினை செய்கிறேன். செருப்புப் பெட்டி ஒன்று நிறைய மிச்சத் துண்டுகள் சேர்ந்துவிட்டன. பூப்போட்ட தாள், தடித்த சார்ட், மினுமினுக்கும் தாள், சுருட்டி உருவம் செய்கிற குவில்லிங் பட்டை என்று எல்லாம் கலந்து கிடக்கிறது. ஒன்றையும் தூக்கிப்போட மனம் வரவில்லை.

இன்னும் இரண்டு வாரத்தில் என் அண்ணிக்கு 50 வயது நிறைகிறது. இந்தப் பெட்டியிலிருந்தே ஓர் அட்டை செய்து தர வேண்டும் என்று ஆசை. இதில் பாதித் துண்டுகள் அவர்களோடு உட்கார்ந்து வெட்டியவை.

நேற்று மூன்று அட்டை செய்து பார்த்தேன். ஒவ்வொன்றிலும் பதினைந்து துண்டுக்கு மேல் இருக்கும். மூன்றுமே பார்த்தவுடன் மிச்சத்தில் செய்தது என்று தெரிகிறது. கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலைகிறது. போதாததற்குக் காய்ந்ததும் படகு மாதிரி வளைந்துவிட்டன. மடித்த இடத்தில் மேல்பக்க நிறம் வெடித்து வெள்ளைக் கோடு வேறு. எங்கே தவறு செய்கிறேன்?

துண்டுதுணுக்கு:
கிளி, உங்கள் கேள்வியில் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. முதலில் அழகு பற்றிப் பேசுகிறேன். வளைவதையும் வெடிப்பதையும் மடிப்புக்காரர் வந்து சொல்வார், அவருக்கு அது அத்துபடி.

பதினைந்து துண்டு என்பதுதான் சிக்கல். நானும் பல வருடம் பெட்டியைக் காலி செய்கிற எண்ணத்தோடுதான் உட்காருவேன். அந்த எண்ணம் இருக்கும்வரை அட்டை பெட்டி மாதிரியேதான் இருக்கும். இப்போது என் வழக்கம் வேறு. பெட்டியைக் கொட்டி, கண்ணை இழுக்கிற ஒரே ஒரு துண்டை எடுப்பேன். அதன் வடிவத்தையும் மாற்றமாட்டேன். பூ வெட்டியபின் மிஞ்சிய ஓட்டைத் தாளா, அந்த ஓட்டைதான் அட்டையின் முகம். நீளமான முக்கோணமா, அதையே மலையாகவோ பாய்மரமாகவோ வைப்பேன். அதற்குத் துணையாக இன்னும் இரண்டு, மிஞ்சினால் மூன்று. அவ்வளவுதான்.

அட்டையின் முன்பக்கத்தில் பாதிக்கு மேல் வெற்றிடம் விடுங்கள். சுற்றிலும் காலியாக இருந்தால் கட்டைவிரல் அகலத் துண்டுகூட வேண்டுமென்றே வைத்தது போலத் தெரியும். நெருக்கி ஒட்டினால் நல்ல தாள்கூடக் குப்பையாகத் தெரியும். வெற்றிடத்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, ஆனாலும் அதைத்தான் நாம் எல்லோரும் கஞ்சத்தனமாகச் செலவழிக்கிறோம்.

நிறம் பொருந்துகிறதா என்று சந்தேகம் வந்தால், துண்டுகளை அடுக்கி கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் நிறங்கள் வேறு வேறாக இருந்தும் வெளிச்ச அளவு ஒன்றுதான் என்று அர்த்தம். ஏதாவது ஒன்றை நல்ல அடர்த்தியாகவோ நல்ல வெளிறலாகவோ மாற்றுங்கள்.

மடிப்புக்காரர்:
வந்துவிட்டேன்.

காகிதத்துக்கு நார் ஓடுகிற திசை ஒன்று உண்டு. ஆலையில் தாள் ஓடும்போது பெரும்பாலான நார்கள் அந்த ஓட்டத்தின் திசையிலேயே படுத்துவிடும். அந்தத் திசையோடு மடித்தால் மடிப்பு சுத்தமாக வரும். குறுக்கே மடித்தால் நார்கள் முறியும், மேல்நிறம் வெடிக்கும். உங்கள் வெள்ளைக் கோடு இதனால்தான்.

திசையைக் கண்டுபிடிப்பது எளிது. தாளை மடிக்காமல் லேசாக வளைத்து உள்ளங்கையால் அமுக்கிப் பாருங்கள். பிறகு தொண்ணூறு பாகை திருப்பி அதேபோல் செய்யுங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ, மடிப்புக்கோடு அந்த வளைவோடு போக வேண்டும். சிறிய துண்டில் கை உணர்வு போதாது. அப்போது ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். நார் வழியே நேராகக் கிழியும், குறுக்கே கோணல்மாணலாகப் போகும்.

இன்னொன்று, மடிக்குமுன் கீறல் போடுகிறீர்களா? மை தீர்ந்த பேனா, ஒரு ஸ்கேல், கீழே நாலைந்து பழைய தாள். அழுத்தி ஒரே கோடு. 250 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) மேற்பட்ட அட்டையை இது இல்லாமல் நான் மடிப்பதே இல்லை.

நீலமை:
கீறல் என்றதும் நினைவு வந்தது. பள்ளம் உள்பக்கம் வர வேண்டுமா, வெளிப்பக்கமா? நான் இத்தனை நாளும் பள்ளத்துக்குள்ளேதான் மடித்து வந்தேன். வாய் மூடுவது போல.

மடிப்புக்காரர்:
பள்ளம் வெளிப்பக்கம் வர வேண்டும். கோடு போட்டதும் மறுபக்கத்தில் ஒரு மேடு எழும், அந்த மேடு மடிப்பின் உள்ளே போக வேண்டும். கீறும்போது நார்களின் அடுக்குகள் கொஞ்சம் பிரிந்து பின்னால் தள்ளப்படுகின்றன. மேடு உள்ளே போனால் வெளிப்பக்கத்தில் இழுபடுவதற்குத் தளர்வு கிடைக்கும். நீங்கள் செய்வதுபோல மடித்தால் அந்த மேடு வெளியே இன்னும் விறைத்து நிற்கும், தடித்த அட்டை அங்கேதான் வெடிக்கும்.

நீலமை:
இப்போதே இரண்டு விதமாகவும் மடித்துப் பார்த்தேன். 300 ஜிஎஸ்எம் கருநீல அட்டை. நீங்கள் சொன்ன விதத்தில் கோடு தெரியவே இல்லை, என் பழைய விதத்தில் வெள்ளைப் புள்ளிகள். நன்றி ஐயா. மெல்லிய தாளில் மட்டுமே செய்துவந்ததால் எனக்கு இந்த வித்தியாசம் தெரியாமலே போயிருக்கிறது.

ஓய்வுநேரம்:
வளைவது பற்றி நான் சொல்கிறேன், இதில் நான் நிறைய அட்டைகளைப் பாழாக்கியிருக்கிறேன்.

வெள்ளைப் பசையில் தண்ணீர் அதிகம். தண்ணீர் பட்டதும் நார்கள் ஊதும். நீளவாக்கில் கொஞ்சம்தான், அகலவாக்கில் நிறைய. ஊதிய தாளை அட்டைமேல் ஒட்டிவிடுகிறோம். காயும்போது அது சுருங்கும், அட்டையையும் தன்னோடு இழுக்கும். படகு பிறப்பது அப்படித்தான்.

நான் செய்வது: சிறு துண்டுகளுக்குக் குச்சிப் பசை. பெரிய துண்டுகளுக்கு டபுள் சைடு டேப். வெள்ளைப் பசைதான் வேண்டும் என்றால் பழைய ஏடிஎம் அட்டை போன்ற ஒன்றால் வழித்து, பார்வைக்குத் தெரியாத அளவு மெல்லியதாகப் பூசுகிறேன். ஒட்டியதும் இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து, மேலே தடித்த புத்தகங்களை ஏற்றி ஓர் இரவு விடுகிறேன். பலர் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுகிறார்கள். தொட்டால் காய்ந்தது மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும், எடுத்து மேசையில் வைத்தபின் வளையும்.

ஒட்டும் தாளின் நார்த்திசையும் அட்டையின் நார்த்திசையும் ஒரே பக்கமாக இருந்தால் வளைவு பாதியாகக் குறையும் என்பது என் அனுபவம். முன்பக்கம் பெரிய தாள் ஒட்டினால் அதன் பின்புறமும் அதே கனத்தில் ஒரு தாள் ஒட்டிவிடுங்கள். இரண்டு பக்கமும் சமமாக இழுக்கும். புத்தகம் பைண்டு செய்பவர்கள் அட்டையின் உட்புறம் தாள் ஒட்டுவதில் இந்தக் கணக்கும் இருக்கிறது.

காகிதக்கிளி:
அடேயப்பா, ஒரே நாளில் இவ்வளவு! நான் பசையைத் தூரிகையால் தாராளமாகப் பூசிக்கொண்டிருந்தேன். கீறல் போட்டதே இல்லை.

துண்டுதுணுக்கு அக்கா, நீங்கள் சொன்னபடி ஒரு துண்டை எடுக்கப் பார்த்தேன். ஆனால் என் பெட்டியில் முக்கால்வாசி விரல் அகலம்கூட இல்லாத பட்டைகள். அவற்றில் எதை நாயகனாக்குவது?

துண்டுதுணுக்கு:
பட்டைகளை ஒட்டி ஒரு புதுத் தாள் செய்துகொள்ளுங்கள். அந்தத் தாளிலிருந்து ஒரு வடிவம் வெட்டினால் அதுதான் நாயகன்.

சாதாரண 80 ஜிஎஸ்எம் தாளில் உள்ளங்கை அளவு ஒரு சதுரம் எடுத்து, அதன்மேல் பட்டைகளை இடைவெளி இல்லாமல் வரிசையாகக் குச்சிப் பசையால் ஒட்டுங்கள். அகலம் ஒன்று போல இருக்க வேண்டாம், ஒன்று 4 மி.மீ., அடுத்தது 11 மி.மீ. என்று இருந்தால்தான் உயிர் வரும். நாலைந்து நிறத்துக்குள் நின்றுகொள்ளுங்கள். காய்ந்ததும் திருப்பிப் போட்டு, பின்புறத்தில் இலையோ பறவையோ வரைந்து வெட்டுங்கள். பட்டைகள் வடிவத்துக்குக் குறுக்கே சாய்வாக ஓடும்படி வரைவது முக்கியம். நேராக ஓடினால் கோடு போட்ட நோட்டு மாதிரி இருக்கும், சாய்ந்தால் அசைகிற மாதிரி இருக்கும்.

எங்கிருந்து வெட்டுவது என்று தெரியாவிட்டால், வேறொரு தாளில் இலை வடிவ ஓட்டை வெட்டி, அதைப் பட்டைத் தாள்மேல் நகர்த்திப் பாருங்கள். எந்த இடத்தில் நிறங்கள் நன்றாக விழுகின்றனவோ அங்கே பென்சிலால் குறியுங்கள். எனக்கு இந்த நகர்த்திப் பார்க்கிற வேலைதான் முழுவதிலும் பிடித்தது. சில நாள் அரை மணி நேரம்கூடப் போய்விடும்.

பழையபெட்டி:
நகர்த்திப் பார்ப்பது என்றதும் சொல்லத் தோன்றுகிறது. ஓவியர் ஹென்றி மத்தீஸ் கடைசிக் காலத்தில், தூரிகை பிடித்து நிற்க உடல் இடம் கொடுக்காதபோது, வண்ணம் பூசிய தாள்களைக் கத்தரித்தே படைப்புகள் செய்தார். துண்டுகளை உடனே ஒட்டவில்லை. சுவரில் ஊசி குத்தி வைத்து, மாற்றி மாற்றிப் பார்த்த பிறகுதான் முடிவு செய்வார். நாமோ துண்டை வெட்டியதும் பசையை எடுத்துவிடுகிறோம். நான் இப்போது துண்டுகளை அட்டைமேல் அடுக்கி, ஓர் இரவு அப்படியே விட்டு, காலையில் பார்த்துத்தான் ஒட்டுகிறேன்.

அதைவிட என்னைத் தொட்டவர் மேரி டிலேனி. 1700இல் பிறந்த ஆங்கிலேயப் பெண்மணி. 72 வயதில்தான் காகிதத்தில் பூக்கள் செய்யத் தொடங்கினார். ஒரு சிவப்புக் காகிதத் துண்டும் அருகில் இருந்த ஜெரேனியப் பூவின் இதழும் ஒரே நிறத்தில் இருப்பதைப் பார்த்ததுதான் தொடக்கம் என்று சொல்வார்கள். கண் பார்வை மங்கும்வரை பத்து வருடத்தில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான பூக்கள். ஒரே பூவில் நூற்றுக்கணக்கான நுண்ணிய துண்டுகள் இருக்கும். அவை இன்றும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அவர் எல்லாப் பூக்களையும் கறுப்புப் பின்னணியில் ஒட்டினார். அதை ஒருமுறை செய்து பாருங்கள் கிளி. வெள்ளை அட்டையில் சோர்ந்து தெரிகிற துண்டு, கறுப்பில் விளக்கு ஏற்றினாற்போல் எழும். என் பெட்டியில் வேண்டாம் என்று ஒதுக்கியிருந்த மங்கிய பச்சைகள் எல்லாம் கறுப்பில் வைத்தபின்தான் பிழைத்தன.

நீலமை:
கறுப்பு அட்டை என்றால் உள்ளே எழுதுவது எப்படி? வெள்ளை ஜெல் பேனா எனக்குத் திக்கித் திக்கி எழுதுகிறது.

ஓய்வுநேரம்:
உள்தாள் வையுங்கள். அட்டையைவிட எல்லாப் பக்கமும் 3 மி.மீ. சிறியதாக ஒரு வெள்ளைத் தாளை வெட்டி நடுவே மடித்து, மடிப்பை ஒட்டிய ஒரு குறுகிய கோட்டில் மட்டும் பசை வைத்துச் செருகுங்கள். முழுக்க ஒட்டினால் மறுபடி வளைவு வரும். எழுதியபிறகு ஒட்டுவது இன்னும் நல்லது, எழுத்துப் பிழை வந்தால் தாளை மாற்றிக்கொள்ளலாம்.

வகுப்புத்தோழி:
நான் சிறுவர்களுக்குக் கைவினை சொல்லித் தருகிறேன். ஏழெட்டு வயதுப் பிள்ளைகளிடம் மிச்சத் துண்டும் கத்தரிக்கோலும் கொடுத்தால் துண்டு இன்னும் பொடியாகும், அட்டை வராது. நான் கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன். கையால் கிழிக்கச் சொல்கிறேன். ஜப்பானில் இப்படிக் கிழித்து ஒட்டும் கலைக்குச் சிகிரி-எ என்று பெயர். மெல்லிய தாளில் நார் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், அதுவே மேகத்துக்கும் அலைக்கும் ஓரமாகிவிடும்.

ஒருபக்கம் மட்டும் நிறம் அச்சான தாளில் ஒரு வித்தை இருக்கிறது. நிறப் பக்கம் மேலே இருக்க, வேண்டிய பகுதியை இடது கையில் பிடித்து, வலது கைத் துண்டை உங்களை நோக்கி இழுத்துக் கிழித்தால், இடது கையில் இருப்பதன் ஓரத்தில் வெள்ளை விளிம்பு வரும். வெளிப்பக்கமாகத் தள்ளிக் கிழித்தால் வராது. அலைக்கு அந்த வெள்ளை நுரையாகிவிடும். பிள்ளைகள் இதைக் கண்டுகொண்ட நாளில் வகுப்பே கடலாகிவிட்டது.

என் அம்மாவுக்குக் கை நடுக்கம் உண்டு. நேராக வெட்ட முடியவில்லை என்று கைவினையையே விட்டுவிட்டிருந்தார். கிழித்து ஒட்டுவதில் நேர்கோடு தேவையில்லை. இப்போது வாரம் ஓர் அட்டை செய்கிறார். நடுக்கத்தில் வந்த ஓரம்தான் அவர் மலைகளுக்கு அழகு. இதை எழுதும்போதே எனக்கு மனம் நிறைகிறது.

காகிதக்கிளி:
வகுப்புத்தோழி, உங்கள் அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அவர் அட்டைகளைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

சுருள்பட்டை:
இன்னொரு முறையையும் சொல்லிவிடுகிறேன், ஐரிஸ் மடிப்பு. பட்டைகளுக்கென்றே பிறந்தது. அட்டையில் இதயமோ வட்டமோ வெட்டி எடுத்து, அட்டையைக் குப்புறப் போடுங்கள். சுமார் 3 செ.மீ. அகலப் பட்டைகளை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மடித்த ஓரம் ஓட்டையின் நடுவைப் பார்க்கும்படி, வெளியிலிருந்து உள்ளே சுற்றிச் சுற்றி வைத்து டேப்பால் ஒட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் திரும்பித் திரும்பி வரும். நடுவில் மிஞ்சும் சின்ன இடைவெளிக்கு மினுமினுப்புத் தாள். திருப்பிப் பார்த்தால் கேமராவின் கண் மூடுகிற மாதிரி சுழல் இருக்கும். கடிதம் வரும் உறைகளின் உட்புறத்தில் நீலக் கோடும் கட்டமும் அச்சடித்திருக்குமே, அந்தத் தாள் இதற்கு அருமை. முதல் முறை செய்பவர்கள் எண் போட்ட மாதிரிப் படத்தை அடியில் ஒட்டிக்கொண்டு செய்யுங்கள். வரிசை ஒருமுறை தவறினால் பிரித்துத் திருத்துவது கஷ்டம்.

நீலமை:
எதையெல்லாம் வைத்துக்கொள்வது, எதைப் போடுவது? என் வீட்டில் மூன்று பெட்டி ஆகிவிட்டது.

துண்டுதுணுக்கு:
தீப்பெட்டி அளவுக்குக் குறைந்தால் நான் வைத்துக்கொள்வதில்லை. பட்டையாக இருந்தால் மட்டும் விதிவிலக்கு. நிறவாரியாக, உள்ளே இருப்பது தெரிகிற உறைகளில் போட்டு நிமிர்த்தி வைத்தால் கண்ணில் படும். கண்ணில் படாத துண்டு பயன்படுவதே இல்லை.

பழையபெட்டி:
நான் இதில் மாறுபடுகிறேன் அக்கா. தீப்பெட்டி அளவுக்குக் கீழே இருப்பவற்றில்தான் டிலேனியின் பூக்கள் பிறந்தன. பொடித் துண்டுகளை ஒரு கண்ணாடிச் சீசாவில் போட்டு வைக்கிறேன். துளையிடும் பஞ்ச் கருவியால் 1 செ.மீ. வட்டம் அடிக்கத் தீப்பெட்டியில் பாதிகூட வேண்டாம்.

துண்டுதுணுக்கு:
உங்கள் பொறுமைக்கு அது சரி. எனக்குப் பொடித் துண்டு மேசையில் இருந்தாலே கை எதையாவது ஒட்டப் போய்விடும், வெற்றிடம் போச்சு. அதனால்தான் அந்த அளவு வைத்துக்கொண்டேன்.

சுருள்பட்டை:
பொடியானவற்றைக் கூழாக்கி மறுபடி தாளாகவே ஊற்றலாமே. பசையும் டேப்பும் மினுமினுப்பும் இல்லாத துண்டுகளைக் கிழித்து ஓர் இரவு ஊற வைத்து, நிறையத் தண்ணீரோடு மிக்ஸியில் அடித்து, அகலத் தொட்டியில் கலந்து, சட்டத்தில் கட்டிய வலையால் வாரி எடுத்துத் துணிமேல் கவிழ்க்க வேண்டும். பசையே வேண்டாம், காயும்போது நார்கள் தாமாகவே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். சமையலுக்கு வைத்திருக்கும் மிக்ஸி ஜாரை இதற்கு எடுக்காதீர்கள், மிச்சக் கூழைச் சாக்கடையிலும் ஊற்றாதீர்கள், அடைத்துவிடும். ஓரம் பிசிறாக ஒரு தாள் வரும். அட்டையின் அடித்தாளாக அது ஒன்றே போதும், மேலே ஒரு துண்டு வைத்தால் முடிந்தது.

ஓய்வுநேரம்:
கிளி, அட்டையைத் தபாலில் அனுப்புவதாக இருந்தால் அளவை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஏ4 அட்டையைப் பாதியாக வெட்டினால் ஏ5. அதை மடித்தால் ஏ6, அதாவது 105க்கு 148 மி.மீ. 114க்கு 162 மி.மீ. அளவுள்ள சி6 உறையில் சரியாக உட்காரும். நான் ஒருமுறை பொத்தானும் ஃபோம் டேப்பும் வைத்து மேடாக ஓர் அட்டை செய்து அனுப்பினேன். பொத்தான் இருந்த இடத்தில் உறை கிழிந்து போய்ச் சேர்ந்தது. கடிதங்களைப் பிரிக்கும் இயந்திரங்களின் உருளைகள் தட்டையான உறைக்காகச் செய்தவை. மேடு வேண்டுமென்றால் நேரில் கொடுங்கள், அல்லது சின்னப் பெட்டியில் அனுப்புங்கள்.

காகிதக்கிளி:
நேரில்தான் கொடுக்கப்போகிறேன்.

நேற்று இரவு செய்து முடித்தேன். கறுப்பு அட்டை, 300 ஜிஎஸ்எம். நார்த்திசை பார்த்தேன், கீறினேன், மேட்டை உள்ளே வைத்து மடித்தேன். ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லை.

பெட்டியின் அடியில் நானும் அண்ணியும் முதன்முதலில் சேர்ந்து செய்த தோரணத்தின் மிச்சம் கிடந்தது. மஞ்சள் தாள், வட்டம் வட்டமாக வெட்டி எடுத்தபின் ஓட்டைகளோடு மிஞ்சியது. இத்தனை நாளும் அது எதற்கும் ஆகாது என்றே நினைத்திருந்தேன். அதை அப்படியே, வெட்டாமல், கீழ் ஓரத்தில் வைத்தேன். ஓட்டைகள் வழியாகக் கறுப்பு தெரிகிறது, இரவில் ஜன்னல்கள் மாதிரி. மேலே பட்டைத் தாளில் வெட்டிய ஒரே ஒரு பறவை. பட்டைகள் சாய்வாகத்தான் ஓடுகின்றன, அக்கா. மேலே பாதிக்கும் அதிகமாக ஒன்றுமில்லை. ஏதாவது ஒட்டச் சொல்லிக் கை துடித்தது, பெட்டியை மூடி அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே, அகராதிக்கு அடியில் இருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் ஆகட்டும் என்று தொடாமல் இருக்கிறேன்.

துண்டுதுணுக்கு:
ஓட்டைகளை ஜன்னலாக்கியது எனக்குத் தோன்றியிருக்காது. எடுத்ததும் சொல்லுங்கள்.

மடிப்புக்காரர்:
உள்தாள் வைத்தீர்களா?

காகிதக்கிளி:
வைத்தேன் ஐயா, மடிப்போரம் மட்டும் பசை. அதில் இன்னும் எழுதவில்லை. ஒட்டுமுன் எழுதச் சொல்லியிருந்தார்கள், மறந்துவிட்டேன். இனி பிழையில்லாமல் எழுத வேண்டும், அதனால் முதலில் வேறொரு தாளில் எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

காகிதக்கிளி:
எடுத்துவிட்டேன். மேசையில் வைத்து ஒரு மணி நேரம் ஆகிறது. வளையவில்லை.

வகுப்புத்தோழி:
அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அந்த மஞ்சள் தாளின் வட்டங்கள் எங்கே போயின என்று கேட்கிறார்.

காகிதக்கிளி:
அண்ணி வீட்டு வாசலில் இன்னும் தொங்குகின்றன.